அப்போது அதிபர் யார்? அமெரிக்க வரலாறு எழுதுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வரலாற்றுக் கட்டுரைகளைச் செம்மை பார்ப்பது என் வேலை. அமெரிக்க அதிபர்களைப் பற்றிப் புதிதாக எழுத வருகிறவர்களின் கைப்பிரதிகளில், தொடக்க காலத்தில் நான் செய்த அதே பிழைகள் வரிசை மாறாமல் வந்து நிற்கின்றன. பெயர்க் குழப்பம், இரண்டு ரூஸ்வெல்ட்களையும் ஒருவராக்கிவிடுவது போன்றவற்றை மெய்ப்புத் திருத்துகிறவரே பிடித்துவிடுவார். அவற்றை விட்டுவிடுகிறேன்.

செர்ரி மரம்

சிறுவன் வாஷிங்டன் அப்பாவின் செர்ரி மரத்தை வெட்டிவிட்டு உண்மையை ஒப்புக்கொண்டான் என்பது கட்டுக்கதை. வாஷிங்டன் அதை வெட்டவில்லை. நீங்கள் வெட்டிவிடுங்கள்.

வென்ற நாளும் பதவியேற்ற நாளும்

இன்றுவரை எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். "லிங்கன் பதவிக்கு வந்தார், அவருடைய நடவடிக்கைகளால் வெகுண்ட தென் மாநிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிரிந்தன." மாணவர்களுக்கான சிறுநூல் ஒன்றில் இந்த வரி மெய்ப்பைத் தாண்டி அச்சிலும் ஏறிவிட்டது. எழுதியவர் நல்ல நடை கைவந்த இளைஞர். சுட்டிக்காட்டியபோது, "எப்படியும் லிங்கனால்தானே சார் பிரிந்தார்கள்? நாலு மாதம் முன்னே பின்னே இருந்தால் என்ன?" என்றார். அந்த ஃபாரம் (ஒரே தாளில் சேர்ந்து அச்சாகும் பக்கங்கள்) முழுவதையும் பழைய காகிதக் கடைக்குப் போட்டுவிட்டு மறுபடி அச்சடித்தார்கள். செலவு பதிப்பாளர் தலையில் விழுந்தது.

அந்த நாலு மாதத்தில்தான் கதையே இருக்கிறது. லிங்கன் வென்றது 1860 நவம்பர் 6; பதவியேற்றது 1861 மார்ச் 4. அதுவரை வெள்ளை மாளிகையில் இருந்தவர் ஜேம்ஸ் புக்கானன். தென் கரோலினா டிசம்பர் 20 அன்று பிரிந்தது. பிப்ரவரி 1-க்குள் மிசிசிப்பி, ஃபுளோரிடா, அலபாமா, ஜார்ஜியா, லூசியானா, டெக்சஸ் ஆகியவையும் போய்விட்டன. பிப்ரவரி 18 அன்று அலபாமாவின் மான்ட்கமரியில் ஜெஃபர்சன் டேவிஸ் பிரிந்தவர்களின் தலைவராகப் பதவியேற்றபோது, லிங்கன் இன்னும் வாஷிங்டனுக்கு வரும் ரயில் பயணத்தில் இருந்தார்.

புக்கானன் என்ன செய்தார்? பிரிந்துபோகச் சட்டத்தில் இடமில்லை என்று டிசம்பரில் காங்கிரசுக்கு எழுதினார். பிரிகிறவர்களைக் கட்டாயப்படுத்தி நிறுத்த மத்திய அரசுக்கு அதிகாரமில்லை என்றும் அதே செய்தியில் எழுதினார். தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் மத்திய அரசின் கையில் இருந்த சம்டர் கோட்டைக்கு உதவி கொண்டுபோன கப்பலை, ஜனவரியில் அந்த மாநிலத்தார் சுட்டு விரட்டியதும் அவர் காலத்தில்தான். "லிங்கன் பதவிக்கு வந்ததும்" என்று எழுதினால் இந்த மனிதர் சுவடில்லாமல் தப்பிவிடுகிறார்.

லிங்கனுக்கு இதில் பங்கே இல்லை என்று எதிர்ப்பக்கம் சாயவும் வேண்டாம். அடிமைமுறை புதிய பகுதிகளுக்குப் பரவக் கூடாது என்று சொன்னவர் வென்றார் என்பதே தெற்கை அச்சுறுத்தியது. அந்த விஷயத்தில் சமரசம் கூடாது என்று அவர் தம் கட்சிக்காரர்களுக்குக் கடிதமும் எழுதினார். ஆனால் ஆணை பிறப்பிக்க அவரிடம் அப்போது எந்த அதிகாரமும் இல்லை. ஏப்ரலில் சம்டர் கோட்டை தாக்கப்பட்டு, அவர் 75,000 வீரர்களைத் திரட்டச் சொன்ன பிறகு பிரிந்தவை வர்ஜீனியா உள்ளிட்ட நான்கு மாநிலங்கள். அவற்றைத் தாராளமாக அவர் ஆட்சிக் காலத்தில் வையுங்கள்.

1932-லும் இதே கதைதான். நவம்பரில் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் வென்றார். வங்கிகள் சரிந்துகொண்டிருந்த அந்தக் குளிர்காலம் முழுக்க அதிபர் ஹூவர்தான். சேர்ந்து செயல்படலாம் என்று ஹூவர் கேட்டார், ரூஸ்வெல்ட் பிடிகொடுக்கவில்லை. மார்ச் 4 அன்று பதவியேற்று, 6-ஆம் தேதி நாடெங்கும் வங்கிகளுக்கு விடுமுறை அறிவித்தார். பதவியேற்பை ஜனவரி 20-க்கு முன்கொண்டுவரும், அரசமைப்பின் 20-வது திருத்தம் அந்த ஜனவரியில்தான் நிறைவேறியிருந்தது. அந்தத் தேதியில் முதல் பதவியேற்பு 1937-இல்.

இடைவெளி சுருங்கிய பிறகும் குழப்பம் ஓயவில்லை. 1981 ஜனவரி 20 அன்று ரீகன் உறுதிமொழி எடுத்த சில நிமிடங்களில், ஈரானில் 444 நாள் பிடிபட்டிருந்த 52 அமெரிக்கர்கள் விடுதலையானார்கள். "ரீகன் மீட்டார்" என்று எழுதிவிடுகிறார்கள். அல்ஜீரியாவின் வழியாகப் பேசி முந்தைய நாள் உடன்பாட்டை முடித்தது கார்ட்டரின் அரசு. எந்த நிகழ்ச்சியானாலும் தேதியைப் பக்கத்தில் குறித்துக்கொண்டு, அன்று நாற்காலியில் இருந்தவர் யார் என்று பாருங்கள். அரை நிமிட வேலை.

வரிசை எண்

இடைவெளி விட்டு மறுபடி அதிபரானவருக்கு இரண்டு எண்கள். க்ளீவ்லாண்ட் 22, 24. டிரம்ப் 45, 47. ஆகவே எண் 47, ஆட்கள் 45.

இரண்டு முறைதான்

ஒருவர் இரண்டு முறைக்கு மேல் அதிபராகத் தேர்ந்தெடுக்கப்படக் கூடாது என்பது 1951 வரை வழக்கம், சட்டமாக இல்லை.

துணை அதிபர் அதிபராவது

1841-இல் அதிபர் ஹாரிசன் பதவியேற்ற ஒரே மாதத்தில் இறந்தார். துணை அதிபருக்கு வந்து சேர்வது பதவியேவா, அதன் பணிகள் மட்டுமா என்பதை அரசமைப்பு தெளிவாகச் சொல்லியிருக்கவில்லை. எதிர்ப்பாளர்கள், துணை அதிபராக இருந்த ஜான் டைலரைப் 'பொறுப்பு அதிபர்' என்றார்கள். அவர் உறுதிமொழி எடுத்துக்கொண்டு, முழு அதிபர் தானே என்று பிடிவாதமாக நின்றார். அந்த முன்னுதாரணம்தான் அடுத்த நூற்றாண்டுக்கும் மேலாக வழிகாட்டியது. 25-வது திருத்தம் அதைச் சட்டமாக்கியது 1967-இல். இருந்தும், கென்னடி கொல்லப்பட்டதும் லிண்டன் ஜான்சன் 25-வது திருத்தத்தின்படி அதிபரானார் என்று எழுதிய கட்டுரை ஒன்று போன மாதம்கூட என் மேசைக்கு வந்தது. கென்னடி இறந்தது 1963-இல்.