மருந்தையும் நோயையும் ஒரே தாளில் படிப்பது எப்படி? மேல்படிப்பு நர்சிங் மாணவர்களுக்கு

எம்.எஸ்சி நர்சிங்கோ, கிரிட்டிக்கல் கேர் நர்ஸ் பிராக்டிஷனர் படிப்போ சேர்ந்த புதிதில் பெரும்பாலானவர்கள் ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கிறார்கள். ஃபார்மகாலஜிக்கு ஒரு நோட்டு, அதில் மருந்தின் பெயர், டோஸ், பக்கவிளைவு என்று கட்டம் போட்டு எழுதுவது. நோய் உடம்பில் எப்படி வேலை செய்கிறது என்று சொல்லும் பேத்தோஃபிசியாலஜிக்கு இன்னொரு நோட்டு. நானும் முதல் மூன்று மாதம் அப்படித்தான் எழுதினேன், இரண்டு நோட்டும் நிறைந்தன, ஆனால் வார்டில் ஒரு டிரக் சார்ட்டைக் காட்டி "இவருக்கு இந்த ஐந்து மருந்தும் எதுக்கு?" என்று மேடம் கேட்டபோது இரண்டு மருந்துக்கு மேல் என்னால் சொல்ல முடியவில்லை.

அதற்குப் பிறகுதான் இரண்டையும் ஒரே பாடமாகப் படிக்கத் தொடங்கினேன். உடம்பில் எந்த இடத்தில் என்ன கெட்டுப்போனது, அந்த இடத்தில் கைவைக்கும் மருந்து எது என்ற வரிசையில். இதயச் செயலிழப்பை, அதாவது ஹார்ட் ஃபெயிலியரை வைத்தே முழுசாகச் செய்து காட்டுகிறேன், ஒரு தாளும் இரண்டு நிறப் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: நோயை அம்புக்குறியாக வரையுங்கள்

தாளைப் படுக்கவாட்டில் வைத்து நீலப் பேனாவில் எழுதுங்கள். இடது கீழறை சரியாகச் சுருங்கவில்லை. வெளியே போகும் ரத்தம் குறைகிறது. சிறுநீரகத்துக்குப் போவதும் குறைகிறது. பழுது இதயத்தில் இருக்கிறது என்று சிறுநீரகத்துக்குத் தெரியாது, உடம்பில் நீர் வற்றிவிட்டது என்றே எடுத்துக்கொண்டு ரெனினைச் சுரக்கும். அந்த ரெனின், கல்லீரல் அனுப்பிய ஆஞ்சியோடென்சினோஜனை ஆஞ்சியோடென்சின் ஒன்றாக்கும். ஏ.சி.இ என்ற என்சைம், நுரையீரல் ரத்தக்குழாய்ச் சுவர்களில் இது நிறைய இருக்கிறது, அதை ஆஞ்சியோடென்சின் இரண்டாக்கும். அது ரத்தக்குழாய்களை இறுக்கும், கூடவே அட்ரீனல் சுரப்பியைத் தூண்டி ஆல்டோஸ்டிரோனை வெளியே விடும். ஆல்டோஸ்டிரோன் வந்தால் சோடியமும் நீரும் உடம்பில் தங்கும், பொட்டாசியம் சிறுநீரில் போகும். இன்னொரு பக்கம் சிம்பதெடிக் நரம்புகள் இதயத்தை வேகமாக அடிக்கச் சொல்லி விரட்டிக்கொண்டே இருக்கும். ஏற்கனவே இழுக்க முடியாமல் இழுக்கிற இதயத்தின் மேல் கூடுதல் நீரும் இறுகிய குழாய்களும் சேர்ந்து பாரமாகின்றன.

ஒவ்வொரு அம்புக்குக் கீழேயும் நோயாளி வாயால் சொல்வதை அப்படியே எழுதுங்கள். "படுத்தா மூச்சு முட்டுது சிஸ்டர், ரெண்டு தலையணை வெச்சாத்தான் தூக்கம் வருது" என்பது இதயத்தின் இடது பக்கம் திணறி, ரத்தம் பின்னால் தேங்கி, நுரையீரலில் நீர் சேர்ந்ததால் வருவது. "சாயங்காலமானா செருப்பு இறுக்குது" என்பது வலது பக்கமும் சேர்ந்துவிட்டது என்பதற்கான குறி. புத்தகத்தில் ஆர்த்தாப்னியா என்று படித்தது எனக்கு மறந்துபோனது, அந்தத் தலையணை இன்னும் மறக்கவில்லை.

இரண்டாவது படி: சிவப்புப் பேனாவில் அம்புகளை வெட்டுங்கள்

இனி மருந்துகள். ஏ.சி.இ வேலை செய்யும் அம்பின் மேல் ஒரு கோடு போட்டு எனலாப்ரில் என்று எழுதுங்கள். ஆல்டோஸ்டிரோன் மேல் ஸ்பைரனோலாக்டோன். சிம்பதெடிக் மேல் மெட்டோப்ரோலால். நீர் தங்கும் இடத்தில் ஃப்ரூசமைடு, நம் நோயாளிகள் நீர் மாத்திரை என்று சொல்லும் லேசிக்ஸ்தான் அது, ஹென்லே வளைவின் தடித்த ஏறுபகுதியில் சோடியத்தைத் திரும்ப உள்ளே எடுக்கவிடாமல் தடுக்கிறது. இப்போது அதிகம் எழுதப்படும் டாபாக்ளிஃப்ளோசினுக்கும் ஒரு இடம் விட்டு வையுங்கள், சர்க்கரை நோய் இல்லாதவருக்கும் இதய நோய்க்காக இது தரப்படுவதால், பெயரைப் பார்த்தவுடன் சர்க்கரை நோயாளி என்று முடிவு கட்டக் கூடாது.

மெட்டோப்ரோலாலில் எல்லோருக்கும் ஒரு சந்தேகம் வரும், வந்தே ஆக வேண்டும். பலவீனமான இதயத்துக்கு அதன் வேகத்தையும் விசையையும் குறைக்கிற மருந்தா? தாளைப் பாருங்கள். சிம்பதெடிக் நரம்புகளின் விரட்டல் முதல் சில நாட்களுக்கு உதவி, மாதக்கணக்கில் நீடித்தால் அதுவே இதயத் தசையை அழிக்கிறது. அதனால்தான் நீர் வடிந்து நோயாளி நிதானத்துக்கு வந்த பிறகு, மிகக் குறைந்த டோஸில் ஆரம்பித்து மெல்ல மெல்ல ஏற்றுகிறார்கள். மூச்சு வாங்கி உட்கார்ந்திருப்பவருக்கு அன்றைக்கே புதிதாகத் தொடங்குவதில்லை.

மூன்றாவது படி: பக்கவிளைவை மனப்பாடம் செய்யாமல் கண்டுபிடியுங்கள்

எனலாப்ரிலுக்கு வறட்டு இருமல் ஏன்? ஏ.சி.இ-க்கு இன்னொரு வேலையும் உண்டு, பிராடிகைனின் என்ற உடம்பின் சொந்தப் பொருளை உடைப்பது. அதைத் தடுத்தால் பிராடிகைனின் சேர்ந்து இருமலைக் கிளப்பும். இந்த மருந்துக் குடும்பத்தின் கதையே பிரேசிலின் ஜரராகா பாம்பின் விஷத்திலிருந்துதான் தொடங்குகிறது, பிராடிகைனினின் வேலையைக் கூட்டும் பொருள் அந்த விஷத்தில் இருப்பதைக் கண்டுபிடித்த வழியில் போய்த்தான் கேப்டோப்ரில் உருவாகி, 1981-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. லோசார்டன் என்ற இன்னொரு மருந்து ஏ.சி.இ-யைத் தொடுவதே இல்லை, ஆஞ்சியோடென்சின் இரண்டு போய் உட்காரும் இடத்தை மட்டும் அடைக்கிறது. அதனால் இருமல் தாங்காதவருக்கு அதற்கு மாற்றுகிறார்கள்.

பொட்டாசியத்தையும் இதே மாதிரி யோசியுங்கள். லேசிக்ஸ் அதைக் குறைக்கும். எனலாப்ரிலும் ஸ்பைரனோலாக்டோனும் ஏற்றும். மூன்றும் ஒரே சார்ட்டில் இருந்தால் எந்தப் பக்கம் சாயும் என்று ஊகிக்க முடியாது, லேப் ரிப்போர்ட்டில் பொட்டாசியம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் மாத்திரையை எடுக்க வேண்டும்.

நான்காவது படி: நேரத்தை எழுதுங்கள்

மருந்து உள்ளே போய், பரவி, மாறி, வெளியேறும் கதையைத் தனி அத்தியாயமாகப் படித்தால் சலிக்கும். அதே தாளில் உள்ள மருந்துகளின் மேல் வைத்துப் படியுங்கள். லேசிக்ஸ் மாத்திரையாகக் கொடுத்தால் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வேலை தொடங்கி ஆறு மணி நேரம் போல நீடிக்கும், நரம்பில் போட்டால் ஐந்து நிமிடத்தில் தொடங்கி இரண்டு மணி நேரத்தில் அடங்கும். வீங்கிப்போன நோயாளிக்குக் குடலும் வீங்கியிருக்கும், மாத்திரை சரியாக உறிஞ்சப்படாது, அதனால் ஊசி. மாத்திரையின் இரண்டாவது டோஸை மதியத்திலேயே கொடுப்பதும் அந்த ஆறு மணி நேரக் கணக்கால்தான், இல்லையென்றால் வயதானவர் ராத்திரி முழுக்கப் பாத்ரூமுக்கு எழுந்து போய் எங்காவது விழுந்துவிடுவார்.

இதயம் சுருங்கும் விசையைக் கூட்டும் டிகாக்சின் இதற்கு நேர் எதிர். அரை ஆயுள், அதாவது உடம்பில் மருந்தின் அளவு பாதியாகும் நேரம், சுமார் 36 முதல் 48 மணி நேரம். நிலையான அளவுக்கு வர நான்கைந்து அரை ஆயுள் வேண்டும், அதாவது ஒரு வாரம் போல. பெரும்பகுதி சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகிறது, ஹார்ட் ஃபெயிலியரில் சிறுநீரகத்துக்கு என்ன ஆகிறது என்று முதல் அம்புகளிலேயே எழுதிவிட்டீர்கள், சேர்த்துப் பாருங்கள்.

என் டியூட்டியில் ஒரு பாட்டி இருந்தார். டிகாக்சினும் லேசிக்ஸும் ஓடிக்கொண்டிருந்தன. காலையில் இட்லியை ஒதுக்கிவிட்டு, "குமட்டுது கண்ணு, சுவரெல்லாம் மஞ்சளாத் தெரியுது" என்றார். ஸ்டெத்தை நெஞ்சில் வைத்து முழுசாக ஒரு நிமிடம் எண்ணினேன், 48. மாத்திரையை நிறுத்திவைத்து டாக்டருக்குச் சொன்னேன், ரிப்போர்ட்டில் பொட்டாசியம் 2.9 என்று வந்தது. டிகாக்சினும் பொட்டாசியமும் செல் சுவரில் உள்ள ஒரே பம்பில் ஒரே இடத்துக்குப் போட்டி போடுகின்றன, பொட்டாசியம் குறைந்தால் டிகாக்சின் அந்த இடத்தை முழுக்கப் பிடித்துக்கொள்ளும். அன்றைக்கு டிகாக்சின், லேசிக்ஸ், பொட்டாசியம் மூன்றும் ஒரே வாக்கியமாக எனக்குப் புரிந்தன. இதயத் துடிப்பு 60-க்குக் கீழே இருந்தால் டிகாக்சினைக் கொடுக்காமல் தெரிவிக்க வேண்டும் என்ற விதியை அதற்குப் பிறகு நான் மனப்பாடமாகச் சொன்னதே இல்லை.

கணக்கையும் விடாதீர்கள்

தீவிர சிகிச்சைப் பிரிவில் மருந்து மில்லிகிராமில் வரும், ஆர்டர் மைக்ரோகிராமில் இருக்கும், பம்ப் மில்லிலிட்டரில் ஓடும். தொற்று முற்றி ரத்த அழுத்தம் விழும் செப்டிக் ஷாக்கில் நார் அட்ரினலின், 50 மில்லியில் 4 மில்லிகிராம் கலந்திருக்கிறது என்று வையுங்கள். ஒரு மில்லியில் 80 மைக்ரோகிராம். நோயாளி 60 கிலோ, ஆர்டர் ஒரு கிலோவுக்கு நிமிடத்துக்கு 0.1 மைக்ரோகிராம். நிமிடத்துக்கு 6, மணிக்கு 360. அதை 80-ஆல் வகுத்தால் மணிக்கு 4.5 மில்லி. விரிந்துபோன குழாய்களை இறுக்கத்தான் இந்த மருந்து என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள், எண் மட்டும் இருந்தால் அது வெறும் கணக்கு.

கடைசிப் படி: வெள்ளைத் தாள்

மறுநாள் புத்தகத்தை மூடிவிட்டு அதே படத்தைப் புதுத் தாளில் வரையுங்கள். அம்பு எங்கே நின்றுவிடுகிறதோ அந்தப் பக்கத்தை மட்டும் திறந்து படியுங்கள், முழு அத்தியாயத்தையும் திரும்ப வாசிக்க வேண்டாம். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. அப்புறம் ரூம்மேட்டிடம் தமிழிலேயே வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், சொல்லத் திணறும் இடம் எதுவோ அது இன்னும் புரியாத இடம்.

வாரத்துக்கு ஒரு நோய் போதும். அடுத்ததாக சர்க்கரை நோயின் கீட்டோஅசிடோசிஸை எடுக்கலாம், இன்சுலின் தொடங்கும் முன் பொட்டாசியத்தை ஏன் பார்க்கிறார்கள், குறைவாக இருந்தால் ஏன் முதலில் அதை ஏற்றிவிட்டுத்தான் இன்சுலினையே தொடுகிறார்கள் என்ற ஒரு கேள்வியோடு தாளை எடுத்து உட்காருங்கள்.