லினக்ஸ் கேமிங்குக்குப் புது கம்ப்யூட்டர்: வாங்கும் முன்பே தொடங்கிவிடும் தவறுகள்

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கடைக்காரர் கொட்டேஷன் போடும்போது விண்டோஸை மனத்தில் வைத்துத்தான் பாகங்களை எழுதுவார். கேட்டு வருபவர்களில் பெரும்பாலோருக்கு அதுதான் தேவை. லினக்ஸில் விளையாடப் போகிறவர் அதே தாளை அப்படியே ஒப்புக்கொண்டு பணத்தைக் கட்டினால், வீட்டுக்கு வந்தபின் தீர்க்கவே முடியாத சில சிக்கல்களையும் சேர்த்து வாங்கி வருகிறார். இன்ஸ்டால் செய்யும்போது நேரும் பிழையைத் தேடித் திருத்திக்கொள்ளலாம். பொருந்தாத கிராஃபிக்ஸ் கார்டும் செல்லாத உரிமமும் காசைக் கரைத்துவிடும்.

எந்த விளையாட்டு என்று முதலில் முடிவு செய்யுங்கள்

ஸ்டீம் என்ற விளையாட்டுக் கடையை நடத்தும் வால்வ் நிறுவனம், விண்டோஸ் விளையாட்டுகளை லினக்ஸில் ஓட்டும் புரோட்டான் மென்பொருளை 2018 ஆகஸ்டில் கொண்டுவந்த பிறகு, தனியாக ஆடும் விண்டோஸ் விளையாட்டுகளில் பெரும்பாலானவை லினக்ஸில் ஓடுகின்றன. இதைக் கேள்விப்பட்டு, 'எல்லாமே ஓடும்' என்று நம்பிவிடுவதுதான் பெரிய தவறு. ஆன்லைனில் பலர் சேர்ந்து ஆடும் விளையாட்டுகளில் ஏமாற்றுபவர்களைத் தடுக்கும் ஆன்டி-சீட் மென்பொருள் குறுக்கே நிற்கிறது. வேலோரன்ட், ஃபோர்ட்நைட், பப்ஜியின் பிசி பதிப்பு ஆகியவை லினக்ஸில் ஓடாது. ஈஸி ஆன்டி-சீட், பேட்டில்ஐ என்ற இரண்டு ஆன்டி-சீட்களும் புரோட்டானில் வேலை செய்யக்கூடியவைதான். ஆனால் அந்த வசதியைத் திறந்துவிடுவது ஒவ்வொரு விளையாட்டு நிறுவனத்தின் கையில் இருக்கிறது. திறந்ததை மூடவும் அவர்களால் முடியும்: ஜிடிஏ ஆன்லைன் 2024 செப்டம்பரிலும், ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் அதே ஆண்டு அக்டோபர் இறுதியிலும் லினக்ஸ்காரர்களுக்கு அடைபட்டன. இங்கே புரோட்டான் பதிப்பை மாற்றி மாற்றிப் பார்ப்பது வீண் உழைப்பு.

எந்த விளையாட்டு லினக்ஸில் எப்படி ஓடுகிறது என்று பயனர்கள் எழுதும் புரோட்டான்டிபி தளத்தில் பார்க்கும்போது மேலே தெரியும் தங்கம், பிளாட்டினம் பட்டங்களோடு நின்றுவிடாதீர்கள். கீழே இறங்கி, கடந்த இரண்டு மூன்று மாதங்களில் உங்கள் வகைக் கார்டு வைத்திருப்பவர்கள் எழுதியதைப் படியுங்கள். சந்தேகமாக இருந்தால் ஸ்டீமின் திரும்பப்பெறும் விதி உதவும்: வாங்கி 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணம் கிடைக்கும். செட்டிங் மாற்றிக்கொண்டு விளையாட்டைத் திறந்தே வைத்திருந்தால் அந்த நேரமும் கணக்கில் ஏறும்.

கார்டின் வயதும் கெர்னலின் வயதும்

விண்டோஸில் டிரைவர் ஒரே பொட்டலமாக வரும். ஏஎம்டி கார்டுக்கு லினக்ஸில் அது மூன்றாகப் பிரிந்து கிடக்கிறது: கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி), மெசா (படம் வரையும் டிரைவர் பகுதி), ஃபர்ம்வேர் (கார்டுக்குள் ஏற்றப்படும் சிறு மென்பொருள்). ரேடியான் ஆர்எக்ஸ் 9070, 9070 எக்ஸ்டி கார்டுகள் 2025 மார்ச்சில் வந்தன. அவற்றுக்குக் குறைந்தது 6.12 கெர்னலும் மெசா 25.0-உம் வேண்டும், கெர்னல் 6.14 இருந்தால் இன்னும் நல்லது. டெபியன் 12 என்ற லினக்ஸ் வகையில் இருப்பதோ 6.1 கெர்னல். உபுண்டு 24.04 முதலில் வந்தபோது 6.8. பழைய பென்டிரைவில் வைத்திருக்கும் உபுண்டுவைப் போட்டுவிட்டு, 'கார்டு பழுது' என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். உபுண்டு 24.04.3-இன் இன்ஸ்டால் இமேஜில் 6.14 கெர்னல் இருக்கிறது; ஃபெடோரா என்ற இன்னொரு லினக்ஸ் வகையின் புதிய பதிப்பும் சரிவரும். கெர்னலை மட்டும் உயர்த்திவிட்டு மெசாவையும் ஃபர்ம்வேரையும் மறந்தால் திரை கருப்பாகவே நிற்கும். ஏஎம்டி தளத்திலிருந்து தனியாக டிரைவர் இறக்க வேண்டிய அவசியமே இல்லை.

என்விடியாவில் சிக்கல் வேறு மாதிரி. ஆர்டிஎக்ஸ் 50 வரிசை, திறந்த மூல கெர்னல் மாட்யூலோடு (கெர்னலில் சேரும் டிரைவர் துண்டு) மட்டும்தான் ஓடும். டிரைவர் பட்டியலில் பெயரின் கடைசியில் 'ஓபன்' என்று இருப்பதைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கார்டு கண்ணுக்கே படாது. ஜிடிஎக்ஸ் 10 வரிசைக்கு நேர்மாறு. அதற்கு மூடிய மாட்யூல்தான் வேண்டும். அந்த வரிசைக்கு 580 டிரைவர்தான் கடைசிக் கிளை என்று என்விடியா அறிவித்துவிட்டது. செகண்ட் ஹேண்டில் ஜிடிஎக்ஸ் 1060 மலிவாகக் கிடைக்கிறதே என்று கை நீட்டும் முன் இதை எண்ணிப் பாருங்கள். அதே விலைக்குப் பழைய ரேடியான் கிடைத்தால் லினக்ஸுக்கு அதையே பரிந்துரைப்போம், ஏனென்றால் மெசா பழைய கார்டுகளையும் கைவிடாமல் தாங்குகிறது.

என்விடியா தளத்திலுள்ள இன்ஸ்டாலரை இறக்கி ஓட்டுவதும் தவறு. அடுத்த முறை கெர்னல் அப்டேட் ஆகும்போது டிரைவர் உடைந்து, திரை வராமல் போகலாம். உங்கள் லினக்ஸின் சொந்த மென்பொருள் களஞ்சியத்திலிருந்து மட்டும் போடுங்கள். கையெழுத்திட்ட மென்பொருளை மட்டும் ஏற்கும் செக்யூர் பூட் வசதி இயங்கினால் உபுண்டு நடுவில் ஒரு கடவுச்சொல் கேட்கும். மறுதொடக்கத்தில் நீலத் திரை வந்து 10 நொடி மட்டும் காத்திருக்கும். அதற்குள் ஏதாவது ஒரு விசையை அழுத்தி, 'என்ரோல் மோக்' என்பதைத் தேர்ந்து, அதே கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும். பலர் அந்தத் திரையைக் கண்டு பயந்து விட்டுவிடுகிறார்கள். கையெழுத்தில்லாத டிரைவரைக் கெர்னல் ஏற்காததால் விளையாட்டு நகரவே நகராது. எல்லாம் முடிந்ததும் டெர்மினலில் வல்கன்இன்ஃபோ என்ற சோதனைக் கட்டளையை ஓட்டிப் பாருங்கள். கார்டின் பெயர் வராமல் 'எல்எல்விஎம்பைப்' மட்டும் வந்தால், படம் வரைவது சிபியுதான் என்று பொருள்.

4கே டிவியில் 120 ஹெர்ட்ஸ் வேண்டும் என்று ஏஎம்டி கார்டு வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதற்கு வேண்டிய எச்டிஎம்ஐ 2.1-ஐத் திறந்த மூல டிரைவரில் எழுத, அந்தத் தரத்தை வகுக்கும் எச்டிஎம்ஐ ஃபோரம் அனுமதி மறுத்தது 2024 பிப்ரவரியில் தெரியவந்தது. வன்பொருளில் வசதி இருந்தும் உரிமச் சிக்கலால் அது முடங்கியது. டிஸ்ப்ளேபோர்ட் உள்ள மானிட்டரை வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை.

ஏஎம்டி சிபியுவுக்கான ஏஎம்5 மதர்போர்டில் முதன்முறை சுவிட்ச் போட்டதும் சில நிமிடம் திரை இருட்டாகவே இருக்கும். ரேமை அது பழகிக்கொள்ளும் நேரம் அது, பதறி அணைக்காதீர்கள். ரேம் இரண்டு குச்சிகளாக, இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் இருக்கட்டும். நான்கு குச்சி போட்டால் டிடிஆர்5 வேகம் இறங்கும்.

சென்னையில் பலர் யுபிஎஸ்ஸும் சேர்த்தே வாங்குகிறார்கள், ஆனால் கடைகளில் வழக்கமாகத் தரும் 600 விஏ யுபிஎஸ் சுமார் 360 வாட்தான் தாங்கும். 9070 எக்ஸ்டி கார்டு ஒன்றே 304 வாட் இழுக்கும். விளையாட்டின் நடுவில் கரண்ட் போனால் சிபியுவின் சுமையும் சேர்ந்து யுபிஎஸ் அந்த நொடியே கைவிடும். விஏ எண்ணை விட்டுவிட்டு வாட் எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

விண்டோஸ் டிஸ்க்கில் விளையாட்டை வைக்காதீர்கள்

ஒரே கம்ப்யூட்டரில் விண்டோஸையும் லினக்ஸையும் சேர்த்து டூயல் பூட் வைப்பவர்கள் இடத்தை மிச்சப்படுத்த, விண்டோஸின் என்டிஎஃப்எஸ் டிரைவிலேயே ஸ்டீம் நூலகத்தை வைத்து இரண்டு பக்கமும் பயன்படுத்தப் பார்ப்பார்கள். புரோட்டான் ஒவ்வொரு விளையாட்டுக்கும் முக்காற்புள்ளி கொண்ட பெயருள்ள இணைப்புகளை உருவாக்கும். விண்டோஸ் அப்படிப்பட்ட பெயரை ஏற்காது. அடுத்த டிஸ்க் சோதனையில் அதைப் பிழையாகக் கருதும். விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கினால் டிஸ்க் பாதித் தூக்கத்தில் நின்று, லினக்ஸில் எழுத முடியாமல் போகும். லினக்ஸுக்குத் தனி எஸ்எஸ்டி வாங்கி, எக்ஸ்ட்4 ஆக ஃபார்மட் செய்வதே நிம்மதி. உபுண்டுவில் ஸ்டீமை ஸ்னாப் வகைப் பொட்டலமாகப் போடாமல் டெப் வகைப் பொட்டலமாகப் போடுங்கள்.

கட்டற்றது வேறு, இலவசம் வேறு

தமிழில் இந்த இரண்டுக்கும் தனித்தனிச் சொல் இருப்பது நமக்கு வசதி. லினக்ஸ் கெர்னல் ஜிபிஎல் 2 என்ற கட்டற்ற உரிமத்தில் வருகிறது, புரோட்டானுக்கு அடிப்படையான வைன் எல்ஜிபிஎல் என்ற உரிமத்தில். இவற்றை நகலெடுக்கலாம், மாற்றலாம், உரிமத்தின் நிபந்தனைப்படி பிறருக்குத் தரலாம். இவற்றின்மேல் ஓடும் ஸ்டீம் செயலிக்கும் விளையாட்டுகளுக்கும் இந்த உரிமை கிடையாது. ஸ்டீமில் நீங்கள் வாங்குவது பயன்படுத்தும் உரிமம் மட்டுமே. 2024 அக்டோபரிலிருந்து பணம் கட்டும் பக்கத்திலேயே அதை எழுதிக் காட்டுகிறார்கள். 'தி க்ரூ' விளையாட்டின் சர்வர் 2024 மார்ச் 31-இல் நின்றபோது, காசு கொடுத்து வாங்கியவர்களால் தனியாகக்கூட ஆட முடியாமல் போனது.

ஜிஓஜி என்ற விளையாட்டு விற்கும் தளத்தில் நகல் பூட்டில்லாத இன்ஸ்டாலரை இறக்கி வைத்துக்கொள்ளலாம். முறையாக வாங்கியவர் பாதுகாப்புக்காக ஒரு நகல் வைத்திருப்பதை இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் 52(1)(ஏஏ) பிரிவே அனுமதிக்கிறது. அந்த நகலை நண்பருக்குக் கொடுப்பது இதில் சேராது.

'விண்டோஸ் சும்மாவே போட்டுத் தர்றோம்' என்று சொன்னால் வேண்டாம் என்று மறுத்துவிடுங்கள். திருட்டு நகல் என்று தெரிந்தே பயன்படுத்துவது அதே சட்டத்தின் 63பி பிரிவின்படி குற்றம்: 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதம். வியாபார லாபத்துக்காக இல்லையென்றால் சிறையை நீக்கி, 50,000 ரூபாய்க்குள் அபராதத்தோடு விட நீதிமன்றத்துக்கு இடமுண்டு. பழைய கம்ப்யூட்டரோடு வந்த ஓஇஎம் விண்டோஸ் அந்த இயந்திரத்தோடு கட்டுண்டது, புது மதர்போர்டுக்கு வராது. தனியாகக் காசு கொடுத்து வாங்கிய ரீடெயில் உரிமத்தைப் புது இயந்திரத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்.

கேமிங் கஃபே திறப்பவர்கள் கூடுதலாக ஒன்றைப் பார்க்க வேண்டும். சொந்த ஸ்டீம் கணக்கு, தனிப்பட்ட, வணிகமற்ற பயன்பாட்டுக்கு மட்டும் தரப்படுவது. மணிக்கு இவ்வளவு என்று வாங்கி அதில் ஆட விட்டால் ஒப்பந்த மீறலாகும். கணக்கு முடங்கினால் உள்ளே இருக்கும் அத்தனை விளையாட்டும் முடங்கும். கடைகளுக்கென்றே வால்வ் பிசி கஃபே திட்டம் வைத்திருக்கிறது. இடத்துக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே அதற்கு விண்ணப்பித்துவிடுங்கள்.