பழைய காரில் விட்டுவிட்டு வரும் மின்கோளாறு: எர்த்திலிருந்து தேடுங்கள்

ஹெட்லைட்டைப் போட்டால் டெம்பரேச்சர் முள் ஏறும், அணைத்தால் இறங்கும். சில காலைகளில் சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்ற சத்தம் மட்டும் வரும். சற்று நேரம் கழித்துத் திருப்பினால் செல்ஃப் மோட்டார் சமர்த்தாகச் சுற்றும். இருபது வயதைக் கடந்த என் பெட்ரோல் கார் இப்படித்தான் ஆட்டம் காட்டியது. ஒருவர் பேட்டரியை மாற்றச் சொன்னார், இன்னொருவர் வண்டி ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரை. இரண்டும் நன்றாகவே இருந்தன. குற்றவாளி, எஞ்சினையும் பாடியையும் இணைக்கும் ஒரு சாண் நீள எர்த் பட்டை. எர்த் என்றால், மின்சாரம் பேட்டரியின் நெகட்டிவுக்குத் திரும்பும் உலோக வழி.

நிரந்தரமாகச் செத்துப்போன விளக்கை யாரும் கண்டுபிடித்துவிடலாம். மெக்கானிக் முன்னால் ஒழுங்காக எரிந்து, வீட்டுக்கு வரும் வழியில் அணைகிற விளக்குதான் வில்லங்கம். அதை எப்படி மடக்குவது என்பதற்கே இந்தப் பதிவு.

1. கருவிகள்

சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். விலை உயர்ந்தது வேண்டாம். அதைவிட முக்கியம், 21 வாட் இண்டிகேட்டர் பல்பில் இரண்டு ஒயர் இணைத்து நீங்களே செய்துகொள்ளும் டெஸ்ட் லேம்ப். கடையில் விற்கும் எல்.இ.டி. டெஸ்டர் எனக்குப் பிடிக்காது. அது இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவு என்பதால், ஒற்றை இழையில் தொங்கும் ஒயரைக்கூட ‘நல்லது’ என்று சொல்லிவிடும். 21 வாட் பல்பு கிட்டத்தட்ட 1.75 ஆம்பியர் கேட்கும். நோஞ்சான் ஒயரால் அதைக் கொடுக்க முடியாது. ஆனால் ஏர்பேக் ஒயரிலும் இ.சி.யு. (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) ஒயர்களிலும் இந்த பல்பைத் தொடுக்கவே கூடாது.

2. எப்போது வருகிறது என்று எழுதுங்கள்

மழையிலா, வெயிலில் நிறுத்திய பிறகா, வேகத்தடையில் ஏறும்போதா, ஸ்டியரிங்கைத் திருப்பும்போதா? வண்டியிலேயே ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். கதவைத் திறந்து மூடும்போது மட்டும் வந்தால், கதவுக்கும் தூணுக்கும் நடுவே உள்ள ரப்பர் குழாய்க்குள் ஒயர் ஒடிந்திருக்கக்கூடும். சம்பந்தமே இல்லாத இரண்டு மூன்று பொருள்கள் ஒரே நேரத்தில் தகராறு செய்தால் எர்த்தைச் சந்தேகியுங்கள்.

3. பேட்டரி

ஓய்வில் 12.6 வோல்ட், வண்டி ஓடும்போது சுமார் 13.8 முதல் 14.4 வரை, செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழே போகாமல் இருந்தால் நலம். டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் வெந்நீர் ஊற்றிக் கழுவிவிட்டு மேலே படியுங்கள். கழற்றும்போது முதலில் நெகட்டிவ், மாட்டும்போது கடைசியில் நெகட்டிவ். இந்த வரிசை மாறினால், பாசிட்டிவில் இருக்கும் ஸ்பேனர் பாடியில் பட்டுத் தீப்பொறி பறக்கும்.

4. வோல்டேஜ் எங்கே தொலைகிறது?

இங்கேதான் எனக்கு அதிக நேரம் பிடித்தது. எர்த் பட்டையை ஓம் அளவில் சோதித்தால் மீட்டர் பூஜ்யம் காட்டும், பஸ்ஸரும் கீச்சிடும். அதை நம்பாதீர்கள். மீட்டர் அனுப்புவது மில்லி ஆம்பியர் கணக்கில். செல்ஃப் மோட்டார் இழுப்பதோ 100 ஆம்பியருக்கும் மேல். 0.02 ஓம் தடை இருந்தால் 100 ஆம்பியரில் 2 வோல்ட் அங்கேயே தொலைந்துவிடும். அந்த 0.02 ஓமைச் சாதாரண மீட்டரால் பார்க்கவே முடியாது. எனவே வேலை நடந்துகொண்டிருக்கும்போதே அளக்க வேண்டும்.

மீட்டரை டி.சி. 20 வோல்ட்டில் வையுங்கள். சிவப்பு ஒயர் 10 ஆம்பியர் துளையில் இல்லை என்பதை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அதில் இருந்தால் மீட்டரே ஷார்ட் ஆகும். எஞ்சினை ஓடவிட்டு ஹெட்லைட், பிளோயர் எல்லாவற்றையும் போடுங்கள். கறுப்பு முனையை பேட்டரியின் நெகட்டிவ் ஈயக் குமிழ் மேலேயே அழுத்துங்கள். குமிழைக் கவ்வியிருக்கும் கிளாம்பின் மேல் வைத்தால் குமிழுக்கும் கிளாம்புக்கும் இடையே உள்ள கோளாறு ஒளிந்துகொள்ளும். சிவப்பு முனையை எஞ்சின் உலோகத்தில் வையுங்கள். பெயின்ட் மேல் வேண்டாம். ஃபேனுக்கும் பெல்ட்டுக்கும் அருகே கை போகாமல் கவனம்.

0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்ல எர்த், 0.2ஐத் தாண்டினால் தேட வேண்டும். எனக்கு ஒரு வோல்ட்டுக்கும் மேல், அதுவும் மைனஸ் குறியோடு வந்தது. குறியைக் கண்டு குழம்ப வேண்டாம். ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்யும்போது மின்சாரம் எஞ்சினுக்குத் திரும்புகிறது, செல்ஃப் அடிக்கும்போது எஞ்சினிலிருந்து பேட்டரிக்குத் திரும்புகிறது. அதனால் குறி மாறும். டெம்பரேச்சர் முள்ளின் கூத்தும் இதனால்தான். சென்சாருக்கு எர்த் எஞ்சின்தான். லைட் போட்டதும் எஞ்சின் பாடியைவிட மைனஸ் பக்கம் சரிய, கேஜ் வழியே அதிக மின்சாரம் ஓடி முள் ஏறியது. ரேடியேட்டரில் ஒரு குறையும் இல்லை.

அடுத்து, கறுப்பு முனையை அசைக்காமல் சிவப்பை மட்டும் ஒவ்வோர் இணைப்பாக நகர்த்துங்கள்: கிளாம்ப், கேபிளின் மறுமுனை, பாடி உலோகம், பட்டையின் பாடிப் பக்க லக் (போல்ட் நுழையும் உலோக வளையம்), பட்டை, எஞ்சின் பக்க லக், எஞ்சின். எண் எங்கே திடீரென்று குதிக்கிறதோ அங்கேதான் கோளாறு. என் வண்டியில் எஞ்சின் பக்க லக்குக்கும் பட்டைக்கும் இடையில் குதித்தது. வெளியே பளபளப்பு, உள்ளே களிம்பேறி, பாதி இழைகள் அறுந்திருந்தன.

உறுதி செய்ய ஜம்பர் கேபிளின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை எஞ்சினிலும் மாட்டிப் பாருங்கள். கோளாறு மறைந்தால் சந்தேகமே இல்லை.

5. சரிசெய்தல்

போல்ட் உட்காரும் இடத்தை உப்புத்தாளால் வெற்று உலோகம் தெரியும்வரை தேயுங்கள். புதிய பட்டையை முறுக்கி மாட்டியபின், மேலே பெட்ரோலியம் ஜெல்லி தடவுங்கள். அதிர்வு உள்ள இடத்தில் சால்டரிங்கைவிட நல்ல கிரிம்ப்பையே (ஒயரை லக்குக்குள் வைத்து நசுக்கிப் பிடிக்கும் இணைப்பு) நான் விரும்புவேன். சால்டர் நின்ற விளிம்பில் ஒயர் ஒடியும். வெறுமனே முறுக்கி டேப் சுற்றுவதை மட்டும் செய்யாதீர்கள். இன்று நீங்கள் பார்க்கும் கோளாறுகளில் பாதி, முன்பு யாரோ சுற்றிய அந்த டேப்புக்குள்தான் இருக்கும்.

6. எர்த் நன்றாக இருந்தால்

கோளாறுள்ள விளக்கைப் போட்டுவிட்டு ஒயர்க்கட்டையும் கப்ளர்களையும் (ஒயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் பிளக்குகள்) ஒவ்வொன்றாக ஆட்டிப் பாருங்கள். சூட்டில் மட்டும் வரும் கோளாறென்றால் ரிலேயை (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) முடி உலர்த்தியால் சூடாக்கலாம். ஃபியூஸ் எப்போதாவது போகிறதென்றால், புதிது புதிதாகப் போட்டு வீணாக்காமல் ஃபியூஸ் இருக்கும் இடத்தில் 55 வாட் ஹெட்லைட் பல்பை இணையுங்கள். ஷார்ட் வரும்போது பல்பு முழுப் பிரகாசத்தில் எரியும். எந்த ஒயரை நகர்த்தும்போது மங்குகிறதோ அங்கே தோண்டுங்கள். பல்பு கடுமையாகச் சுடும், பிளாஸ்டிக்கில் படாமல் தொங்கவிடுங்கள். பெரிய ஆம்பியர் ஃபியூஸ் போடுவது தீர்வல்ல, அது ஒயரையே ஃபியூஸாக்கும் வேலை. எலி கடித்த தடம் இருக்கிறதா என்று பானெட்டுக்குள்ளும் பாருங்கள்.

பின்சேர்க்கை

பதிவைப் படித்த ஒருவர், பிரேக்கை அழுத்தினால் இண்டிகேட்டரும் லேசாக எரிகிறது என்று எழுதியிருந்தார். அதுவும் எர்த்தான், ஆனால் டிக்கி பக்கத்து விளக்குக் கூட்டின் எர்த். திரும்பும் வழி அடைபட்டதால் மின்சாரம் பக்கத்து பல்பின் இழை வழியே வெளியேறுகிறது. அங்கேயும் இதே அளவீட்டைச் செய்யுங்கள். கறுப்பு முனைக்கு நீளமான ஒயர் வேண்டும்.

இன்னொருவருக்கு இரவு நிறுத்தினால் காலையில் பேட்டரி இறங்கிவிடுகிறதாம். அது வேறு தேடல். எல்லாவற்றையும் அணைத்து, நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, அதற்கும் குமிழுக்கும் இடையே மீட்டரை 10 ஆம்பியர் துளையில் இணையுங்கள். 50 மில்லி ஆம்பியருக்கு மேல் ஓடினால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, எதை எடுத்ததும் எண் விழுகிறது என்று பாருங்கள். அந்த நேரத்தில் யாரும் சாவியைத் திருப்பிவிடாமல் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். செல்ஃப் அடித்தால் மீட்டரின் ஃபியூஸோ மீட்டரோ போய்விடும்.