பாஸ்புக்கை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள்: சிறிய அறக்கட்டளை நடத்துபவர்களுக்கு

வியாசர்பாடியில் பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லித்தரும் ஒரு சிறிய அறக்கட்டளையின் கணக்கை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். நாங்கள் செய்த பெரிய தவறு, பேங்க்கில் எவ்வளவு இருக்கிறது என்று மட்டும் பார்த்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தின்போது பாய், அரிசி, நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுக்கச் சொல்லி நன்கொடை வந்தபடி இருந்தது, பாஸ்புக்கைப் பார்த்ததும் எல்லோருக்கும் தெம்பு வந்து இரண்டு ஆசிரியர்களைக் கூடுதலாகச் சேர்த்துவிட்டோம். நிவாரணத்துக்கென்று வந்த பணத்தைச் சம்பளத்துக்குத் தொடக்கூடாது, அதைக் கழித்தால் கையில் ஒன்றரை மாதச் செலவுக்குக்கூட இல்லை. ஜூனில் அந்த இருவரையும் நிறுத்த வேண்டியதாயிற்று. இன்றைக்கும் அது எனக்கு உறுத்துகிறது.

அதனால் ஒரு காரியத்துக்கென்று வந்த பணத்தைத் தனியாக எழுதுங்கள், எக்செல் போதும். அப்புறம் மூன்று நான்கு வருடக் கணக்கைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: வழக்கமாகக் கொடுப்பவர்கள் எத்தனை பேர், ஒரே ஆள் கொடுப்பது அதில் எவ்வளவு, வாடகையும் சம்பளமும் எப்படி ஏறுகின்றன. வெள்ளம் வந்த வருடத்தை வைத்து அடுத்த வருடத்துக்குத் திட்டம் போடவே போடாதீர்கள்.

மார்ச் 31-க்குள் எல்லாவற்றையும் செலவழித்தே ஆகவேண்டும் என்று நம்புவது அடுத்த தவறு. வரிவிலக்கு பெற்ற அறக்கட்டளை வருமானத்தில் 85 சதவீதத்தை அதன் நோக்கத்துக்காகச் செலவிட வேண்டும், சரி, மீதி 15 சதவீதத்தைச் சேர்த்து வைக்கலாமே! 85-ஐ எட்ட முடியாவிட்டாலும், இன்ன காரியத்துக்கு என்று குறிப்பிட்டு உரிய படிவத்தை நேரத்தில் கொடுத்தால் ஐந்து வருடம்வரை வைத்திருக்க வழி உண்டு, ஆடிட்டரிடம் பிப்ரவரியிலேயே கேளுங்கள். மார்ச் கடைசியில் அவசரமாகப் பிரிண்டர் வாங்குவதைவிட, குறைந்தது மூன்று மாதச் செலவு டெபாசிட்டில் இருப்பது எவ்வளவோ மேல்.

நன்கொடை கொடுப்பவருக்கு வருமான வரியில் கழிவு கிடைக்க வழிசெய்யும், 80ஜி என்று சொல்லப்படும் பதிவைக் கெடு முடிவதற்குள் புதுப்பிக்க வேண்டும். நன்கொடை விவரத்தை மே 31-க்குள் வருமான வரித்துறைக்குத் தாக்கல் செய்யாவிட்டால் நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்டணம், அதைவிட மோசம், கொடுத்தவருக்குச் சான்றிதழ் கிடைக்காது, அடுத்த வருடம் அவரிடம் எந்த முகத்தோடு போய்க் கேட்பது? 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அவருக்கு 80ஜி கழிவு கிடையாது என்பதால் ஜிபே செய்யச் சொல்லுங்கள், பொருளாளரின் சொந்த நம்பருக்கு வேண்டாம், அறக்கட்டளையின் கணக்குக்கே.