அந்த வரி யாருடையது? அமெரிக்கச் சட்ட நூல்களை வாசிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கச் சட்டம், சட்ட வரலாறு பற்றிய நூல்களை வாசிக்கத் தொடங்கும் நம்மவர்களுக்கு ஆங்கிலம் பெரும்பாலும் தடையாக இருப்பதில்லை. ஒரு பக்கத்தில் எந்த வரி நீதிபதி எழுதியது, எது பதிப்பித்தவர் சேர்த்தது, எது சட்டமாக நிறைவேறியது, எது பின்னாளில் ஒருவர் தொகுத்தது என்று பிரித்துப் பாராமல் எல்லா வரிகளுக்கும் ஒரே மதிப்பைக் கொடுத்துவிடுவதுதான் பெரும்பாலான பிழைகளுக்கு வேர்.

தீர்ப்பின் மேலே பதிப்பித்தவர் சேர்க்கும் சுருக்கமான தலைக்குறிப்பைத் தீர்ப்பாகவே எடுத்துக்கொள்வது இவற்றில் மிகப் பழையது, மிக ஆழமாக வேரூன்றியதும்கூட. 1886-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் முடிவு செய்த சான்டா கிளாரா கவுண்டி எதிர் சதர்ன் பசிபிக் ரயில்ரோடு வழக்கைப் பாருங்கள். அரசமைப்பின் 14-ஆவது திருத்தம் ஒவ்வொரு ‘நபருக்கும்’ அளிக்கும் சமப் பாதுகாப்பு வணிக நிறுவனங்களுக்கும் உண்டு என்று நிலைநாட்டிய தீர்ப்பு என்றே பல நூல்கள் இதை அறிமுகப்படுத்துகின்றன. அதிகாரபூர்வத் தீர்ப்புத் தொகுப்பின் 118-ஆம் தொகுதியில் 394-ஆம் பக்கத்தைத் திறந்தால், பிரதிவாதி நிறுவனங்கள் அந்தத் திருத்தத்தின் பொருளில் நபர்களே என்ற வாக்கியம் தொடக்கத்திலேயே நிற்கிறது. ஆனால் அதை எழுதியவர் நீதிபதி அல்லர். தீர்ப்புகளைத் தொகுத்து வெளியிடும் பொறுப்பில் இருந்த பான்கிராஃப்ட் டேவிஸ். இந்தக் கேள்வியில் வாதம் கேட்க நீதிமன்றம் விரும்பவில்லை, நாங்கள் அனைவரும் ஒரே கருத்தில் இருக்கிறோம் என்று தலைமை நீதிபதி வெயிட் வாதம் தொடங்கும் முன் வாய்மொழியாகச் சொன்னதை டேவிஸ் குறித்துக்கொண்டார். அதைச் சேர்க்கலாமா என்று அவர் கடிதம் எழுதிக் கேட்டபோது, சொன்னது ஏறத்தாழ அதுதான், தீர்ப்பில் அந்த அரசமைப்புக் கேள்வியை நாங்கள் தவிர்த்துவிட்டோம், ஆகவே சேர்ப்பதும் விடுவதும் உங்கள் முடிவு என்ற பொருளில் வெயிட் பதில் எழுதினார். டேவிஸ் சேர்த்துவிட்டார்.

நீதிபதி ஹார்லன் எழுதிய தீர்ப்பைச் சில பக்கங்கள் பொறுமையாகப் புரட்டினால் அதில் இருப்பது வேலி. ரயில் பாதையோரத்து வேலிகளின் மதிப்பையும் சேர்த்து வரி கணக்கிட கலிஃபோர்னியாவின் மாநில வாரியத்துக்கு அதிகாரம் இல்லை என்ற குறுகிய காரணத்தால் ரயில் நிறுவனம் வென்றது. வழக்கு அதிலேயே தீர்ந்துவிடுவதால் பெரிய கேள்விக்குள் போகத் தேவையில்லை என்று தீர்ப்பே சொல்கிறது. இதைக் கண்டுகொண்டவர்கள் அடுத்த தவறுக்குள் விழுவதும் உண்டு: நிறுவனங்களுக்கு அந்த உரிமை ஓர் அலுவலரின் பேனாவால் மட்டுமே வந்தது என்று எழுதிவிடுகிறார்கள். 1888-இலும் 1889-இலும் வந்த தீர்ப்புகளில் நீதிபதிகளே அந்தக் கருத்தைத் தம் சொற்களில் ஏற்றுக்கொண்டார்கள் என்பதால் அதுவும் சரியன்று. 1906-இல் டெட்ராய்ட் டிம்பர் வழக்கில், தலைக்குறிப்பு நீதிமன்றத்தின் படைப்பு அன்று என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. இன்று வெளியாகும் தீர்ப்புச் சுருக்கங்களின் மேலே அந்த எச்சரிக்கை அச்சாகிறது. இருந்தும் அதைத் தாண்டிப் போய்விடுகிறோம்.

அதே ஹார்லன் பத்தாண்டுகள் கழித்து இன்னொரு பிழைக்கும் இடமாகிறார். ‘நமது அரசமைப்பு நிறம் பாராதது’ என்ற அவருடைய சொற்களை உச்ச நீதிமன்றத்தின் கூற்றாக மேற்கோள் காட்டும் கட்டுரைகள் உண்டு. அவை 1896-ஆம் ஆண்டு பிளெஸ்ஸி எதிர் ஃபெர்குசன் வழக்கில், இனப் பிரிவினையை ஏற்ற ஏழு நீதிபதிகளுக்கு எதிராக அவர் ஒருவர் மட்டும் எழுதிய மாறுபட்ட தீர்ப்பில் உள்ளவை. சட்டக் கல்லூரிகளுக்கான வழக்குத் தொகுப்பு நூல்கள் தீர்ப்புகளை வெட்டிச் சுருக்கி அச்சிடுவதால், யார் எழுதினார் என்ற ஒற்றை வரியைக் கவனிக்காதவருக்கு இது எளிதில் நேரும்.

சட்டங்களின் பக்கம் வந்தால் எண்கள் ஏமாற்றும். 1964-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டத்தில் வேலைவாய்ப்புப் பாகுபாட்டைத் தடுக்கும் பகுதியை எல்லோரும் ‘டைட்டில் செவன்’ என்பார்கள். அதைத் தேடி, நடப்புச் சட்டங்களின் தொகுப்பான யுனைடெட் ஸ்டேட்ஸ் கோட் நூலின் ஏழாம் டைட்டிலைத் திறப்பவர் அங்கே வேளாண்மைச் சட்டங்களைத்தான் காண்பார். அந்தச் சட்டத்துக்குள் அது ஏழாம் பகுதி. தொகுப்பில் அது 42-ஆம் டைட்டிலில் 2000இ பிரிவு முதல் வருகிறது. மேலும், தொகுப்பின் எல்லா டைட்டில்களும் ஒரே தகுதி உடையவை அல்ல. குற்றவியலைச் சொல்லும் 18-ஆம் டைட்டில் அப்படியே சட்டமாக இயற்றப்பட்டது. 42-ஆம் டைட்டில் அப்படி இயற்றப்படவில்லை. ஆகவே சொற்களில் வேறுபாடு தோன்றினால், அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் நிறைவேற்றிய வடிவிலேயே சட்டங்களை வெளியிடும் ஸ்டாட்யூட்ஸ் அட் லார்ஜ் தொகுதியே செல்லும்.

இந்திய அரசமைப்பில் பழகியவர்களுக்கு மட்டும் நேரும் ஒரு குழப்பத்தையும் சொல்ல வேண்டும். இங்கே திருத்தம் என்றால் பழைய சொல்லை நீக்கிப் புதிய சொல்லை அதே இடத்தில் அச்சிடுவார்கள். அமெரிக்காவில் 27 திருத்தங்களும் கடைசியில் தனித்தனியே நிற்கின்றன. மூல வாசகத்தை யாரும் தொடுவதில்லை. அடிமைகளை ஐந்தில் மூன்று பங்காகக் கணக்கிட்ட விதி முதல் உறுப்பில் இன்றும் அச்சாகிறது. மதுவிலக்கைக் கொண்டுவந்த 18-ஆவது திருத்தமும் அதை 1933-இல் நீக்கிய 21-ஆவது திருத்தமும் ஒரே நூலில் இருக்கின்றன. முதல் சில பக்கங்களை மட்டும் படித்து முடிவுக்கு வருவது இங்கே உண்மையிலேயே ஆபத்தானது. ‘முதல் திருத்தம்’ என்ற பெயரும் கவனத்துக்குரியது: 1791-இன் அமெரிக்கத் திருத்தம் பேச்சுரிமையைக் காக்க வந்தது, 1951-இன் இந்தியத் திருத்தம் அந்த உரிமைக்குக் கூடுதல் வரம்புகளை விதித்தது.

நீதிமன்றப் பெயர்களில் நியூயார்க் ஒன்றை நினைவில் வைத்தால் போதும். அம்மாநிலத்தின் ‘சுப்ரீம் கோர்ட்’ முதன்மையாக விசாரணை நீதிமன்றம். ‘கோர்ட் ஆஃப் அப்பீல்ஸ்’ என்பதுதான் உச்ச அமைப்பு.

வரலாற்று நூல்களில், 1787-இல் ஃபிலடெல்ஃபியாவில் மூடிய கதவுகளுக்குள் நடந்த அரசமைப்பு மாநாட்டின் விவாதங்களை அதில் பங்கேற்ற ஜேம்ஸ் மேடிசனின் குறிப்புகளிலிருந்து எடுத்தாள்வார்கள். அவற்றைச் சுருக்கெழுத்துப் பதிவு போல வாசிக்கக் கூடாது. அவர் பிற்காலத்தில் அவற்றில் திருத்தங்கள் செய்தார். அவர் மறைந்து நான்காண்டுகள் கழித்து, 1840-இல்தான் அவை அச்சேறின. தொடக்க கால காங்கிரஸ் விவாதங்களைத் தரும் தொகுதிகளும் 1834 முதல், பெரும்பாலும் செய்தித்தாள் செய்திகளைக் கொண்டு தொகுக்கப்பட்டவையே.

நூலின் முதுகில் உள்ள பெயரைக்கூட அப்படியே நம்ப முடியாது. தொடக்கத்தில் தீர்ப்புத் தொகுதிகள் தொகுத்தவரின் பெயரிலேயே வந்தன. அதனால்தான் 1803-ஆம் ஆண்டின் மார்பரி எதிர் மேடிசன் தீர்ப்பு சில நூல்களில் ‘1 கிரான்ச் 137’ என்றும், சிலவற்றில் ஐந்தாம் தொகுதியின் 137-ஆம் பக்கம் என்றும் குறிக்கப்படுகிறது. இரண்டும் ஒரே பக்கம்தான். பின்னாளில் தொடர் எண் கொடுத்தபோது அலெக்சாண்டர் டாலஸ் தொகுத்த நூலே உச்ச நீதிமன்றத் தீர்ப்புத் தொகுப்பின் முதல் தொகுதி ஆயிற்று. அந்த முதல் தொகுதியில் இருப்பவை பென்சில்வேனியா நீதிமன்றங்களின் தீர்ப்புகள். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு ஒன்றுகூட அதில் இல்லை.