வன்னியில் மவுண்டன் பைக்: வருகிறவர்கள் விடுகிற தவறுகள்

இலங்கையின் வடக்கே எங்கள் வன்னியில் மலையும் இல்லை, பனியும் இல்லை. ஆனாலும் ஆடி, ஆவணி விடுமுறைக்கு வெளிநாட்டிலிருந்து வருகிற எங்கள் பிள்ளைகளில் சிலர் இப்போது மவுண்டன் பைக்கைக் கழற்றிப் பெட்டியில் கட்டிக்கொண்டு வருகிறார்கள். பனிச்சறுக்கு நடக்கிற மலைகளில், கோடையில் லிஃப்டில் சைக்கிளை ஏற்றிப்போய் மேலிருந்து ஓடி இறங்கிப் பழகியவர்கள். வரட்டும். குளக்கட்டும் கிறவல் றோட்டும் காட்டுவழியுமாக ஓடித் தீராத நிலம் இது. ஆனால் அந்த மலைகளில் பாதை எவ்வளவு கடினம் என்று காட்டப் பச்சை, நீலம், கறுப்பு என்று பலகையில் நிறம் குறித்திருப்பார்கள். விழுந்தால் தூக்க ஆள் வரும். இங்கே அந்தப் பலகையின் வேலையைச் செய்வது அன்று காலை அதே வழியால் போய்வந்த மனிதர்தான். மாடு சாய்க்கிறவர், தேனுக்கும் விறகுக்கும் போகிறவர், குளத்தில் வலை போடுகிறவர். அவரைக் கேளாமல் இறங்குவதுதான் பெரிய தவறு. மற்றவை பெரும்பாலும் அதிலிருந்துதான் கிளம்புகின்றன.

கேளாமல் போகிறவர்கள் நம்புவது போனில் இருக்கிற வரைபடத்தை. நெடுங்கேணிக்கும் ஒட்டுசுட்டானுக்கும் இடையில், முத்தையன்கட்டுக்குப் பின்னால், தண்ணிமுறிப்புப் பக்கம் எல்லாம் காட்டுக்குள் மெல்லிய கோடுகளை அது காட்டும். அந்தக் கோடு பழைய வண்டில் பாதையாக இருக்கலாம், மரம் இழுத்த தடமாக இருக்கலாம், போர்க்காலத்தில் வெட்டிப் பிறகு கைவிட்ட வழியாகவும் இருக்கலாம். மேலிருந்து எடுத்த படத்தில் மூன்றும் ஒரே கோடு. கண்ணிவெடி அகற்றும் வேலை வடக்கில் இன்னும் முடியவில்லை. கண்ணிவெடியைத் தடைசெய்கிற ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசம்பரில் இணைந்தது. அதன்படி அகற்றி முடிக்க 2028 ஜூன் வரை தவணை. குடிமனையும் வயலும் முதலில் துப்புரவானது, காட்டோரமும் பழைய மண்அணை ஓரமும் பின்னால்தான். மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையைக் கண்டால் யாரும் திரும்பிவிடுவார்கள். நான் பயப்படுவது பலகை இல்லாத இடத்துக்குத்தான். படம் எடுக்க நாலடி பற்றைக்குள் இறங்குவது, ஒன்றுக்கு ஒதுங்குவது, வளைவைச் சுற்றாமல் குறுக்கே விழுந்து போவது, இவற்றை அடியோடு விட்டுவிடுங்கள். இரும்புத் துண்டு ஏதும் மண்ணில் தெரிந்தால் தொடவேண்டாம், தட்டிப் பார்க்கவேண்டாம். வந்த சில்லுத் தடத்திலேயே திரும்பி வந்து அடுத்த வீட்டில் சொல்லுங்கள், அல்லது பொலிசில் சொல்லுங்கள்.

ஒரு பாதை நடமாட்டத்தில் இருக்கிறதா என்று நிலத்தைப் பார்த்தே ஓரளவு சொல்லலாம். லான்ட்மாஸ்டர் என்கிற இரண்டுசில்லு உழவு இயந்திரத்தின் தடம் விளிம்பு உடையாமல் கூராக இருந்தால் அது புதிது. விளிம்பு உதிர்ந்து, உள்ளே சருகு விழுந்து கிடந்தால் கனநாளாக எதுவும் போகவில்லை. ஈரச் சாணி நல்ல செய்தி. காட்டுவாயில் ஐயனார் கல்லடியில் குழை முறித்துப் போட்டுக் கும்பிட்டுவிட்டு உள்ளே போகிற வழக்கம் இங்கே உண்டு. அந்தக் குழை இன்னும் வாடாமல் இருந்தால் இன்றைக்கு யாரோ உள்ளே போயிருக்கிறார்கள். அடையாளம் எதுவும் இல்லாத பாதையில், அது எவ்வளவு வடிவாக இருந்தாலும், இறங்கவேண்டாம்.

அடுத்தது, மட்டமான நிலம்தானே என்ற அலட்சியம். வவுனியா கடல்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 100 மீற்றர். கிளிநொச்சியும் முல்லைத்தீவும் அதைவிடத் தாழ்வு. ஏற்றம் இல்லாததால் ஒரு நாளில் 80, 90 கிலோமீற்றர் என்று திட்டம் போடுகிறார்கள். ஆடி மாதத்தில் சோளகம் தென்மேற்கிலிருந்து அடிக்கும். காலையில் மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்கு, 50 கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைந்த தூரம், காற்றே தள்ளிக்கொண்டு போய்விடும். கடற்கரையில் மீன்சோறு சாப்பிட்டுவிட்டுப் பின்னேரம் திரும்பும்போதுதான் அதே காற்று நெஞ்சில் வந்து நிற்கும். அங்கே லிஃப்ட் செய்கிற வேலையை இங்கே கால்தான் செய்யவேண்டும். ஆகவே சோளகத்தில் போகும்போது காற்றுக்கு எதிராகவும் வரும்போது காற்றோடும் வருகிற மாதிரி வழியை வையுங்கள். மார்கழி, தையில் வாடை வடகிழக்கிலிருந்து வரும். கணக்கை அப்படியே மாற்றுங்கள்.

வெயிலையும் சேர்த்து எண்ணுங்கள். ஆவணியில் நிழலிலேயே 33, 34 பாகை. ஆளுக்கு 3 லீற்றர் தண்ணீர், தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற ஜீவனி உப்புத்தூள் இரண்டு பக்கெற். வழியில் கிணறு இருக்கும்தான், ஆனால் சில இடங்களில் அது உவர். 11 மணியிலிருந்து 3 மணிவரை மருத மர நிழலிலோ கோயில் மண்டபத்திலோ படுத்து எழும்புவதுதான் புத்தி. ஊர்ச்சனம் அந்த நேரத்தில் வயலில் நிற்பதில்லை.

வெளிச்சத்தில் ஏமாறுகிறவர்களும் உண்டு. கோடையில் இரவு 9 மணிவரை வெளிச்சம் இருக்கிற நாட்டிலிருந்து வந்தவருக்கு 5 மணி என்றால் பின்னேரம் இன்னும் கிடக்கிறது. இங்கே ஆறரைக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும். மம்மல் நேரம் குளத்தடி யானைக்குரியது. 4 மணிக்குள் காட்டைவிட்டுத் தார்றோட்டுக்கு வந்துவிட வேண்டும் என்று ஒரு விதியாக வைத்துக்கொள்ளுங்கள்.

மிருகங்கள் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும், ஏனென்றால் சைக்கிளுக்கு ஒரு தனி ஆபத்து இருக்கிறது: அது சத்தம் போடாது. மோட்டார் சைக்கிள் வருவது அரைக்கட்டை தூரத்திலேயே மிருகத்துக்குத் தெரியும். நல்ல கிறீஸ் போட்ட மவுண்டன் பைக் மணலில் ஓடும்போது எதுவும் கேட்காது. கரடி தலையைக் குனிந்து புற்றைக் கிண்டிக்கொண்டு நிற்கும், பத்தடியில் நீங்கள். திடுக்கிட்ட கரடி ஓடாது, பாயும். காட்டில் சீவிக்கிற சனம் யானையைவிடக் கரடிக்குப் பயப்படுவது இதனால்தான். பாலைப்பழக் காலத்தில் இன்னும் கவனம். பாலை மரத்தில் ஏறிப் பழம் தின்கிற மிருகம் அது, மேலேயும் இருக்கும். செய்யவேண்டியது மிகச் சுலபம். கைபிடியில் ஒரு பழைய மணியைப் பூட்டுங்கள், வளைவுகளில் அடியுங்கள், இருவராகக் கதைத்துக்கொண்டு போங்கள். காதில் பாட்டு மாட்டிக்கொண்டு காட்டுக்குள் போவதைப்போல ஒரு மடத்தனம் இல்லை. யானையைக் கண்டால் தூரத்திலேயே நில்லுங்கள். கன்று நின்றால் அதற்கும் தாய்க்கும் இடையில் போகவே கூடாது. படம் எடுக்கக் கிட்டப் போகவேண்டாம். குளத்தில் முகம் கழுவுவதென்றாலும் ஊரவர் குளிக்கிற துறையில் மட்டும். முதலை எங்கே படுத்திருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.

சைக்கிள் விஷயத்தில் எல்லோரும் கியரையும் சஸ்பென்சனையும் பேசுவார்கள். இங்கே உங்களை நடக்கவைப்பது முள்தான். நெருஞ்சி முள், உடைமர முள், சூரை முள் மூன்றும் ரயரைக் குத்தும். அதிலும் நெருஞ்சி, எப்படி விழுந்தாலும் ஒரு முனை மேலே நிற்கிற முள். ஒட்டுப்போடச் சந்திக்குச் சந்தி ஆள் இருக்கிறார், வேலையும் சுத்தம். ஆனால் பிரெஸ்ரா என்கிற மெல்லிய வால்வுக்கு அவருடைய பம் பொருந்தாது. மோட்டார் சைக்கிளுக்கு இருக்கிற மாதிரித் தடித்த வால்வுள்ள ரியூப்பைப் போட்டு வந்தால் எந்தக் கடையிலும் காற்றடிக்கலாம். முடியாவிட்டால் அந்தப் பம்மை மெல்லிய வால்வுக்குப் பொருத்துகிற சின்ன அடப்ரர் ஒன்றைச் சட்டைப்பையில் வையுங்கள். 29 அங்குல ரியூப்பை ஊர்க் கடைகளில் தேடவேண்டாம். 28 என்று சொல்லித் தருவது சாதாரணப் பெரிய சைக்கிளுக்குரியது, அதன் றிம் வேறு அளவு. ரியூப் இல்லாத ரயருக்குள் ஓட்டை அடைக்க ஊற்றுகிற பால் போன்ற திரவம் இந்த வெக்கையில் சீக்கிரம் காய்ந்துவிடும், வந்த உடன் திறந்து பாருங்கள்.

மழைக்காலத்தில், அதாவது ஐப்பசி கடைசியிலிருந்து மார்கழி வரை, வரவே வேண்டாம் என்பேன். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்தபோது கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் ஆயிரக்கணக்கான சனம் இடம்பெயர்ந்தது. குளம் வான் பாயும்போது தாழ்ந்த பாலத்துக்கு மேலால் முழங்கால் அளவு தண்ணீர்தானே என்று சைக்கிளோடு இறங்கக்கூடாது. கீழே பாலம் இருக்கிறதோ, அரித்துப் போய்விட்டதோ, மேலிருந்து தெரியாது. ஈரமான குளக்கட்டிலும் ஓடவேண்டாம். கட்டில் விழுந்த சில்லுத் தடத்தால்தான் அடுத்த மழைத் தண்ணீர் வழி பிடித்து மண்ணை அரிக்கும். அந்தக் கட்டுக்குக் கீழே நூற்றுக்கணக்கான குடும்பங்களின் வயல் இருக்கிறது. வரம்புகளிலும் அப்படித்தான். மாசி, பங்குனியில் தார்றோட்டில் நெல் காயப்போட்டிருப்பார்கள். இறங்கி உருட்டிக்கொண்டு போங்கள், அது ஒரு குடும்பத்தின் ஆறுமாத உழைப்பு.

சுண்டிக்குளம் 2015இலிருந்து தேசியப் பூங்கா; வனசீவராசிகள் திணைக்களத்தில் கேட்டு அனுமதியோடு போகவேண்டும். இராணுவ முகாம் வேலிகளைப் படம் எடுக்கவோ ட்ரோன் விடவோ வேண்டாம். நந்திக்கடல் என்கிற களப்புக்கும் கடலுக்கும் இடையிலான முள்ளிவாய்க்கால் மணல் சைக்கிளுக்கு வாய்ப்பாகத் தெரியலாம். 2009இல் போரின் கடைசியில் எங்கள் சனம் செத்து விழுந்த மண் அது. அங்கே துள்ளி ஓடி வீடியோ எடுக்காதீர்கள்; இறங்கி நடவுங்கள்.

புறப்படுமுன் எந்தக் குளத்தால் போய் எந்தச் சந்தியில் ஏறுகிறீர்கள், எத்தனை மணிக்கு என்று கடைசித் தேநீர்க்கடையில் சொல்லிவிட்டுப் போங்கள். காட்டுக்குள் சிக்னல் விட்டுவிட்டுத்தான் கிடைக்கும். அடிபட்டால் 1990க்கு அடித்து அம்புலன்சைக் கூப்பிடலாம், காசு இல்லை. ஆனால் காட்டுக்குள் நின்று வழி சொல்வது கடினம். ஆகையால் தாண்டுகிற ஒவ்வொரு குளத்தின் பெயரையும், கிட்டவுள்ள பள்ளிக்கூடத்தையும், கோயிலையும் கேட்டு மனதில் வைத்துக்கொண்டே ஓடுங்கள்.