லட்ச ரூபாய் கிட்டாரும் பென்சில் தூளும்

போன மாதம் ஒரு மாணவன் வகுப்புக்குள் நுழைந்ததுமே, "சார், இதை வித்துட்டு அமெரிக்கன் கிட்டார் ஒண்ணு வாங்கப் போறேன்" என்றான். கையில் இருந்தது இந்தோனேசியாவில் செய்த எலெக்ட்ரிக் கிட்டார். வாங்கி எட்டு மாதம்தான் ஆகிறது. ஏன் என்று கேட்டேன். "டியூன் நிக்கவே மாட்டேங்குது சார். காசுக்கேத்த தோசைதானே?"

கிட்டாரை வாங்கி மூன்றாவது கம்பியின் கீயை மெல்லத் திருகினேன். சுருதி நகரவில்லை. இன்னும் கொஞ்சம் திருகினேன். 'டிங்' என்று ஒரு சத்தம். சுருதி ஒரே தாவாகத் தாவி, வேண்டிய இடத்துக்கு மேலே போய் நின்றது. அந்த 'டிங்' எனக்குப் பழக்கம். 2014-இல் அதை முதலில் கேட்டபோது என்னவென்று புரியாமல் ஒரு லட்சத்துக்கு மேல் செலவழித்தவன் நான்.

சென்னையில் பல வருடமாக எலெக்ட்ரிக் கிட்டார் சொல்லிக்கொடுக்கிறேன், சில்லறை ரிப்பேரும் பார்க்கிறேன். கிட்டாரைச் சுவரில் சாய்த்து வைக்காதே, ஸ்ட்ராப்பை இழுத்துப் பார்த்து மாட்டு என்பதெல்லாம் யாரும் சொல்லாமலே தெரிந்துவிடும். விலை ஏறிப்போன இறக்குமதிக் கிட்டாரை வாங்கும்போது கை சுடும் இடங்கள் வேறு. நானும் சுட்டுக்கொண்ட அந்தத் தவறுகள் இவை.

ஏறிய விலையைத் தரம் என்று நினைப்பது

2014-இல் ஒரு டாலர் அறுபது ரூபாய்ச் சொச்சம். 2022-இல் எண்பதைத் தாண்டியது. ஆயிரம் டாலர் கிட்டார் ஒன்று, ஒரு திருகாணிகூட மாறாமல், சுமார் இருபதாயிரம் ரூபாய் ஏறிவிட்டது. இது துறைமுகத்துக்கு வரும் முன்பே. அதன் மேல் சுங்க வரி. சுங்க வரியும் சேர்ந்த தொகையின் மேல் ஜிஎஸ்டி. அப்புறம் இறக்குமதி செய்பவரின் லாபம், கடைக்காரரின் லாபம். எல்லாம் சதவீதக் கணக்கு என்பதால் அடித்தொகை ஏறினால் அத்தனையும் சேர்ந்து ஏறும்.

மரத்தின் கதை இன்னும் வேடிக்கை. விரல் அழுத்தும் பலகையான ஃப்ரெட்போர்டுக்கு நிறையப் பயன்படும் இந்திய ரோஸ்வுட் வேறெதுவும் இல்லை, நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரம்தான். 2017 ஜனவரியில், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தம் ரோஸ்வுட் குடும்பம் முழுவதையும் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. எல்லை தாண்டும் சரக்குக்கெல்லாம் அனுமதிக் காகிதம் வேண்டியிருந்தது. சில கம்பெனிகள் பாவ் ஃபெரோ மரத்துக்கு மாறின. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு கிடைத்தது 2019 நவம்பரில். கூடலூர்ப் பக்கம் பார்க்கிற மரம் கப்பலேறிப் போய், கிட்டாராகி, இங்கே வரி கட்டிக்கொண்டு திரும்பி வருகிறது. அதற்கு 'இம்போர்ட்டட்' என்று பெயர்.

கூடுதலாகக் கொடுக்கிற பணம் முழுக்க வீண் என்று சொல்ல மாட்டேன். இன்று பாடியையும் நெக்கையும் (கழுத்து) எந்த நாட்டுத் தொழிற்சாலையிலும் பெரும்பாலும் கணினி வழி இயந்திரம்தான் வெட்டுகிறது. அதில் மலிவுக்கும் விலைக்கும் பெரிய பேதம் இல்லை. பேதம் வருவது அதற்குப் பிறகு மனிதக் கை செலவிடும் நேரத்தில்: ஃப்ரெட்போர்டில் பதித்த உலோகப் பட்டைகளான ஃப்ரெட்டின் ஓரங்களை உருட்டுவது, எல்லா ஃப்ரெட்டையும் ஒரே உயரத்துக்குத் தேய்ப்பது, தலைக்கு அருகே கம்பிகள் உட்காரும் சிறு கட்டையான நட்டில் காடி வெட்டுவது. அப்புறம் கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பிக்கப், சுருதி சேர்க்கும் கீ, கம்பியின் மறுமுனையைத் தாங்கும் பிரிட்ஜ். இருபத்தைந்தாயிரத்திலிருந்து ஐம்பதாயிரத்துக்குப் போகும்போது இந்த வித்தியாசத்தை விரல் உணரும். ஐம்பதாயிரத்திலிருந்து இரண்டு லட்சத்துக்குப் போகும்போது உணர்வதில் பாதி மனம்தான். வாரம் இரண்டு மேடை ஏறுகிறவர், சொந்தச் சம்பாத்தியத்தில், ஆசைப்பட்டு வாங்கினால் அது அவர் பாடு. கற்றுக்கொள்கிற பையனுக்கு அந்த விலை நியாயமா என்று கேட்டால், இல்லை.

நாட்டின் பெயரைப் பார்த்து வாங்குவது

கோர்டெக் என்ற கொரியக் கம்பெனிக்கு இந்தோனேசியாவில் தொழிற்சாலை இருக்கிறது. கோர்ட் என்று சொந்தப் பெயரிலும் கிட்டார் விற்கிறது, மற்ற பிராண்டுகளுக்கும் செய்துகொடுக்கிறது. பிஆர்எஸ் என்ற அமெரிக்க பிராண்ட் தன் விலை குறைந்த எஸ்இ வரிசையின் பெரும்பகுதியை 2019-இல் கொரியாவிலிருந்து அங்கேதான் மாற்றியது. ஃபெண்டர் என்ற கிட்டார் கம்பெனியின் அமெரிக்கத் தொழிற்சாலை கலிஃபோர்னியாவில் கொரோனா என்ற ஊரில், மெக்ஸிகோ தொழிற்சாலை எல்லைக்கு அந்தப் பக்கம் என்செனாடாவில். இரண்டுக்கும் இடையே சென்னையிலிருந்து திருச்சி போகிற தூரம்கூட இல்லை. என்செனாடாவில் 1987-இலிருந்து வேலை நடக்கிறது. அங்கே இருப்பவர்களுக்கு நட் வெட்டத் தெரியாது என்று நம்ம ஊர்க் கடை வாசலில் நின்று ஒருவர் அடித்துச் சொல்வதைக் கேட்டால் சிரிப்புத்தான் வருகிறது.

செட்டப் செய்யாமல் கிட்டாரைப் பழிப்பது

நட், நெக், பிரிட்ஜ் எல்லாவற்றையும் கம்பிக்கு ஏற்றபடி சரிசெய்வதுதான் செட்டப். மற்ற தவறுகளையெல்லாம் மன்னித்துவிடுவேன். இது ஒன்றைப் பார்த்தால் மட்டும் இன்னும் எரிச்சல் வருகிறது.

2014-இல் என்னிடம் இருந்தது பதினைந்தாயிரம் ரூபாய்க் கிட்டார். வாங்கியபோது அதில் இருந்தவை 9 கேஜ் கம்பிகள். அதாவது மிக மெல்லிய கம்பியின் தடிமன் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்பது பங்கு. 'தடிமனான கம்பி போட்டால்தான் டோன் வரும்' என்று யாரோ சொல்ல, 11 கேஜ் வாங்கி மாட்டினேன். நான் செய்தது அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு வேலையில் மூன்று விஷயம் கெட்டுப்போனது. 9 கேஜுக்கு வெட்டிய நட் காடிக்குள் தடித்த கம்பி இறுகிச் சிக்கிக்கொண்டது. கூடுதல் இழுவையில் நெக் முன்பக்கம் வளைந்து, கம்பி ஃப்ரெட்டை விட்டு மேலே போனது. பின்பக்கம் ஸ்ப்ரிங்கின் பிடியில் நிற்கும், அசையக்கூடிய ட்ரெமலோ பிரிட்ஜ் முன்பக்கம் சாய்ந்து எழும்பிவிட்டது. பெண்ட் செய்தால், அதாவது கம்பியை விரலால் பக்கவாட்டில் இழுத்தால், அது நட்டில் மாட்டிக்கொள்ளும், பழைய இடத்துக்குத் திரும்பாது. அடுத்த கார்டு (சுரக்கூட்டு) அபசுரம்.

ஒரு கல்யாண வரவேற்பில் இரண்டாவது பாட்டிலேயே கீபோர்டு வாசிப்பவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான்காவது பாட்டில் பார்க்கவே இல்லை. என் சேனலைக் குறைக்கச் சொல்லி சவுண்டுக்காரருக்குச் சைகை காட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் முடிவெடுத்தேன்: மலிவுக் கிட்டார், அதான் இப்படி. என் மாணவன் ஒருவனுக்கே எட்டாயிரத்துக்கு விற்றேன். இரண்டு வருடத் தவணையில் அமெரிக்காவில் செய்த கிட்டார் ஒன்று எடுத்தேன். கடையில் வாசித்துப் பார்த்தபோது அப்படி ஒரு சுகம். விரல் தானாக ஓடியது. 'இதுதாண்டா கிட்டார்' என்று அங்கிருந்தவர்களிடமே சொன்னேன். அந்தக் கிட்டாரில் இருந்ததும் 9 கேஜ் கம்பிதான் என்பதைக் கவனிக்கவில்லை.

ஒரு வாரம் கழித்து, டோன் வேண்டுமே, 11 கேஜ் மாட்டினேன். மூன்றாவது கம்பியின் கீயைத் திருகினேன். 'டிங்'.

ரிப்பேர் பார்க்கும் பெரியவர் ஒருவரிடம் எடுத்துப்போனேன். அவர் கிட்டாரின் விலையையும் கேட்கவில்லை, நாட்டையும் கேட்கவில்லை. கம்பியைத் தளர்த்தி, நட்டிலிருந்து நகர்த்தி, மெல்லிய அரத்தால் காடியை நாலைந்து தரம் இழுத்தார். பென்சிலைச் சீவி, அந்தத் தூளைக் காடிக்குள் தடவினார். பென்சிலில் இருப்பது கிராஃபைட். கம்பி வழுக்கிப் போக அதுவே போதும். நெக்கின் வளைவைச் சரிசெய்ய அதற்குள் ஓடும் உலோகக் கோலான ட்ரஸ் ராடை அலட்சியமாகத் திருகவில்லை, கால் சுற்று மட்டும். பின்மூடியைக் கழற்றி ஸ்ப்ரிங்கைக் கொஞ்சம் இறுக்கினார். முக்கால் மணி நேரம், அறுநூறு ரூபாய்.

"பழைய கிட்டாருக்கும் இதே பிரச்சினைதான் சார் இருந்தது" என்றேன்.

"கொண்டு வாங்க, பாத்துடலாம்."

"வித்துட்டேன்."

அவர் டீயைக் குடித்து முடித்தார். ஒன்றும் சொல்லவில்லை.

அதே வாரம், என் பழைய கிட்டாரை வாங்கிய மாணவனைப் பார்த்தேன். 11 கேஜில் விரல் வலிக்கிறது என்று அவன் முதல் நாளே கழற்றிவிட்டு 9 கேஜ் போட்டிருக்கிறான். "டியூன் அசையவே மாட்டேங்குது சார்" என்றான்.

அன்றிலிருந்து பார்த்துக்கொண்டே இருக்கிறேன், இதையேதான் எல்லோரும் செய்கிறார்கள். பெட்டியைப் பிரித்ததிலிருந்து யாரும் தொடாத தங்கள் கிட்டாரை, கடைக்காரர் கம்பி மாற்றித் துடைத்துச் சரிசெய்து மாட்டிவைத்திருக்கும் விலை உயர்ந்த கிட்டாரோடு ஒப்பிடுகிறார்கள். வித்தியாசம் கேட்கத்தான் செய்யும். ஆனால் அதில் பெரும்பங்கு ஆயிரத்தைந்நூறு ரூபாய் செட்டப்பின் வித்தியாசம். அதை லட்ச ரூபாய் கொடுத்து வாங்குகிறோம்.

நம்மவர்களுக்கு இது புதிதாக இருக்கக் கூடாது. வீணையில் மெழுகு இளகி மேளம், அதாவது ஃப்ரெட் வரிசை, விலகினால் மறுபடி மேளம் கட்டித்தான் வாசிக்கிறார்கள். மிருதங்கத்துக்கு வார் இழுக்கிறார்கள். அதற்காக வீணை மட்டம் என்று யாரும் விற்றுவிடுவதில்லை. கிட்டார் என்றால் மட்டும் செல்போன் மாதிரி, பெட்டியிலிருந்து எடுத்ததுமே சரியாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறோம்.

விற்கும் முன் வீட்டிலேயே பார்த்துக்கொள்ள வேண்டியவை சில உண்டு. கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் பதினேழாவது ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடித்து நடுவில் பாருங்கள். ஏழாவது ஃப்ரெட் பக்கம் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே கால் மில்லிமீட்டர், ஏறக்குறைய ஒரு விசிட்டிங் கார்டு தடிமன், இடைவெளி இருக்க வேண்டும். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் கம்பியின் உயரம் ஒன்றரை மில்லிமீட்டரை ஒட்டி இருந்தால் நல்லது. மூன்று மில்லிமீட்டர் இருந்தால் உங்கள் விரல் வலிக்குக் காரணம் கிட்டாரின் விலை அல்ல. பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் கம்பியை லேசாகத் தொட்டு மட்டும் வாசிக்கும் ஹார்மானிக்கும் அழுத்தி வாசிக்கும் சுரமும் டியூனரில் ஒன்றாகக் காட்ட வேண்டும். 'டிங்' கேட்டால் நட். ட்ரஸ் ராடை மட்டும் முதல் தடவை தெரிந்தவரை வைத்துத் திருகச் சொல்லுங்கள், பக்கத்தில் நின்று பாருங்கள்.

ஆம்புக்குக் காசு மிச்சம் வைக்காமல் இருப்பது

எலெக்ட்ரிக் கிட்டாரில் பாதிச் சத்தம் ஆம்ப், அதாவது ஆம்ப்ளிஃபயர். ஒன்றரை லட்சத்துக் கிட்டாரை மூவாயிரம் ரூபாய் டப்பாவில் சொருகினால் மூவாயிரம் ரூபாய்ச் சத்தம்தான் வரும்.

அமெரிக்காவிலிருந்து ஆம்ப் வரவழைப்பது

அங்கே 120 வோல்ட். இங்கே 230. 120-க்கு மட்டும் செய்ததை நேராகச் சொருகினால் புகை வரும்.

அமெரிக்காவிலிருந்து கிட்டார் வரவழைப்பது

மச்சான் வருகிறார், சுங்க வரி மிச்சம் என்று கணக்குப் போடுவார்கள். வரி எப்போதும் மிச்சமாகிவிடாது; சலுகை வரம்பைத் தாண்டினால் விமான நிலையத்திலேயே கட்ட வேண்டும். அங்கே வாங்கியதற்கு இங்கே வாரண்டி பெரும்பாலும் கிடைக்காது. இன்னொன்று, லெஸ் பால் வகைக் கிட்டாரின் தலை பின்பக்கம் சாய்ந்திருக்கும். மஹாகனி நெக்கில், ட்ரஸ் ராடுக்காகக் குடைந்த இடத்தில், மரம் மெலிந்திருக்கும். துணிப்பையில் போட்டு லக்கேஜில் விட்டால் கழுத்து அங்கேதான் முறியும். ஒட்டிவிடலாம், ஒட்டியதும் உறுதியாகத்தான் நிற்கும். ஆனால் விற்கப் போனால் பாதி விலை. அப்படி ஒரு கழுத்தை நான் கையில் வாங்கியிருக்கிறேன். உள்ளே ஆறு கம்பியும் முழு இழுவையில், தலைக்கு அடியில் ஒரு துண்டுத் துணிகூட இல்லை.

முதலீடு என்று வாங்குவது

அதற்குத் தங்கம் இருக்கிறது.

ஏசி அறையில் ஸ்டாண்டில் நிறுத்திவைப்பது

கிட்டார் மரத்துக்குப் பிடித்தது ஐம்பது சதவீதத்தை ஒட்டிய ஈரப்பதம். சென்னையில் வெளியே காற்று அதைவிட நன்றாக ஈரம், ராத்திரி ஏசி போட்டால் வறட்சி. தினம் இப்படி ஊறியும் காய்ந்தும் நெக் அசைந்துகொண்டே இருக்கும். மரம் சுருங்கும், ஃப்ரெட் உலோகம் சுருங்காது. ஓரத்தில் ஃப்ரெட் நுனி துருத்திக்கொண்டு உள்ளங்கையைக் கீறும். விலை அதிகமான கிட்டாரும் இதற்கு விலக்கில்லை. வாசித்து முடித்ததும் துடைத்து, கேஸில் வைத்து மூடுங்கள். கடற்கரைப் பக்கம் வீடு என்றால் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும், மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

அந்தப் பையனின் கிட்டாருக்கு வருவோம். அவனும் யார் பேச்சையோ கேட்டு 11 கேஜ்தான் போட்டிருந்தான். காடியைச் சரிசெய்து, பென்சில் தூள் தடவி, 10 கேஜ் மாட்டிக் கொடுத்தேன். பத்து நிமிடம் பெண்ட் பெண்டாக அடித்துப் பார்த்தான், டியூனரைப் பார்த்தான். "சரி சார், ஆனா அமெரிக்கன் ஒண்ணு வாங்கத்தான் போறேன்" என்றான். வாங்கட்டும். இதை விற்காமல் வாங்கினால் சரி.

என் பழைய கிட்டார் இன்னும் அந்த மாணவனிடம்தான் இருக்கிறது. இப்போது பெங்களூரில் வேலை பார்க்கிறான். போன வருடம் ஊருக்கு வந்தபோது இருபதாயிரம் தருகிறேன், திருப்பிக் கொடுத்துவிடு என்று கேட்டேன். "அதை மட்டும் கேக்காதீங்க சார்" என்றான்.